கயிறு கட்டிப் பிரித்த ஜெபக் கூட்டங்கள்: அடிமை முறை ஒழிந்த பிறகு அமெரிக்கத் தெற்கில்

வேம்படியான் எழுதியது:

1897ஆம் ஆண்டு. அலபாமா மாநிலத்தின் வடக்குப் பகுதியில் ஹார்ட்செல் என்று ஒரு சிற்றூர். 'சர்ச் ஆஃப் காட்' என்ற கிறிஸ்தவ இயக்கத்தார் அங்கே கேம்ப் மீட்டிங் நடத்திக்கொண்டிருந்தார்கள். கேம்ப் மீட்டிங் என்றால் நம்மூர் கன்வென்ஷன் மாதிரி ஒரு மாலைக் கூட்டம் இல்லை. குடும்பத்தோடு வண்டி கட்டி வந்து, நாள் கணக்கில் அங்கேயே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, காலை முதல் இரவு வரை பாட்டும் பிரசங்கமும் கேட்பது.

அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பர். லீனா ஷாஃப்னர் என்ற வெள்ளைப் பெண் ஊழியர் எபேசியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். பகையாக நின்ற நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று வரும் பகுதி. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். இரண்டு பக்கத்து ஆட்களும் முன்னால் வந்து ஒன்றாக முழங்கால் போட்டு, அழுது ஜெபித்தார்கள். அன்று இரவே ஒரு கும்பல் வந்து, ஊழியர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு அடியிலும் முகாம் குடில்களுக்கு அடியிலும் டைனமைட்டை வீசியது. ஊழியர்களைத் தேடி அலைந்தது. அவர்கள் இருட்டில் ஆளுக்கொரு திசையாகத் தப்பி ஓட வேண்டியதாயிற்று.

அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்து அப்போது 32 ஆண்டுகள் ஆகிவிட்டன. சேர்ந்து முழங்கால் போட்டதற்கு டைனமைட் எடுக்கும் அளவுக்கு ஏன் கோபம்? இதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

என் எண்ணம் இது. கோயில் கட்டடத்துக்குக் கதவு உண்டு. யார் எந்த வாசலில் நுழைய வேண்டும், யார் மேல்மாடத்தில் உட்கார வேண்டும் என்பதைக் கட்டும்போதே தீர்மானித்துவிடலாம். மைதானத்துக்கு வாசல் கிடையாது. யாரும் எந்தப் பக்கமிருந்தும் வரலாம், நகர்ந்து நகர்ந்து முன்னாலும் வந்துவிடலாம். அதனால்தான் நிறவெறி திறந்தவெளிக் கூட்டத்தைப் பார்த்து அதிகம் பயந்தது.

செல்வி எழுதியது:

அண்ணா, ஒரு சந்தேகம். அடிமை முறை இருந்த காலத்திலேயே இரண்டு தரப்பும் ஒரே கேம்ப் மீட்டிங்குக்குப் போனதாகப் படித்திருக்கிறேன். 1801இல் கென்டக்கியில் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் கூடினார்களே, அதில் கறுப்பின மக்களும் இருந்தார்கள் அல்லவா? அப்படியானால் விடுதலைக்குப் பிறகு நிலைமை பின்னுக்குப் போய்விட்டது என்கிறீர்களா?

வேம்படியான் எழுதியது:

கூட்டம் ஒன்றுதான் செல்வி, உட்காரும் இடம் வேறு. பல முகாம்களில் கறுப்பர்களுக்குப் பிரசங்க மேடைக்குப் பின்பக்கம்தான் இடம். பிரசங்கியாரின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். நடுவில் பலகைத் தடுப்பு இருக்கும். சில இடங்களில் கடைசி நாளன்று அந்தத் தடுப்பைப் பிடுங்கிவிட்டு, எல்லோரும் பாடிக்கொண்டே முகாமைச் சுற்றி வருவது வழக்கமாக இருந்தது. வெள்ளையர் தூங்கப் போன பிறகும் பின்பக்கத்துப் பாட்டு விடிய விடிய நடக்கும். ஜான் வாட்சன் என்ற மெதடிஸ்ட் இதைக் கண்டித்து 1819லேயே எழுதியிருக்கிறார். அவர்கள் சொந்தமாக இட்டுக்கட்டிப் பாடுகிறார்கள், அது வெள்ளையருக்கும் தொற்றிக்கொள்கிறது என்பது அவருடைய குறை.

1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் கிளர்ச்சி நடந்தது. அவரும் ஒரு பிரசங்கியார். அதற்குப் பிறகு கறுப்பர்கள் பிரசங்கம் பண்ணக் கூடாது, வெள்ளையர் கண்காணிப்பு இல்லாமல் கூடக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஆக, அந்தக் காலத்தில் அடிமை ஒருவர் முகாமுக்கு வந்தார் என்றால் எஜமானின் அனுமதியோடு, எஜமானின் கண்ணுக்கு எதிரே வந்தார். 1865க்குப் பிறகு அதே ஆள் தன் காலால் நடந்து, தன் காசில், தன் பிள்ளைகளோடு வருகிறார். பழைய எஜமானுக்கு உறுத்தியது அதுதான்.

த. கருப்பையா எழுதியது:

இதற்குச் சட்ட ஆதாரமே இருக்கிறது தோழர். அடிமை முறையை முடித்துவைத்த உள்நாட்டுப் போர் ஓய்ந்த அதே 1865 நவம்பரில் மிசிசிப்பி சட்டமன்றம் 'கறுப்பர் சட்டங்கள்' என்று இன்று அழைக்கப்படும் சட்டங்களைக் கொண்டுவந்தது. முறையாக அமைந்த சபை ஒன்றின் உரிமம் இல்லாமல் விடுதலை பெற்ற ஒருவர் நற்செய்தி ஊழியம் செய்தால் 10 முதல் 100 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறையும் உண்டு.

அதோடு விடவில்லை. பகலோ இரவோ சட்டவிரோதமாகக் கூடுகிற கறுப்பர்களை நாடோடிகள் என்று வகைப்படுத்தினார்கள். அவர்களோடு சமமாகக் கூடும் வெள்ளையரும் நாடோடிகளே. கறுப்பருக்கு 50 டாலர் வரை அபராதம், கூடப் போன வெள்ளையருக்கு 200 டாலர் வரை. யாரைப் பார்த்து அதிகம் பயந்திருக்கிறார்கள் என்பது இந்தத் தொகையிலேயே தெரிகிறது. அபராதம் கட்ட முடியாத கறுப்பரை, அதைக் கட்டுகிற முதலாளியிடம் கூலிக்கு விட்டுவிடலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனவரைத் திரும்பவும் பருத்திக் காட்டுக்கே இழுத்துப்போக இது போதும்.

நாகூர் ரஹீம் எழுதியது:

அந்தச் சட்டங்களைச் சில ஆண்டுகளிலேயே நீக்கிவிட்டார்கள். ஆனால் சட்டம் போன இடத்தில் துப்பாக்கி வந்தது. 1875 செப்டம்பர் 4 அன்று அதே மிசிசிப்பியின் கிளின்டன் ஊரில் நடந்ததைப் பாருங்கள். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில், அன்று கறுப்பர்கள் ஆதரித்த குடியரசுக் கட்சியின் வெளியரங்கக் கூட்டம். கறுப்பினக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள், இறைச்சி சுட்டு விருந்து நடந்தது. வெள்ளையர் சிலர் தகராறு செய்து சுட ஆரம்பித்தார்கள். அங்கேயே இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அடுத்த சில நாட்களில் வெள்ளைக் கும்பல்கள் சுற்றுவட்டாரமெங்கும் தேடித்தேடிக் கறுப்பர்களைக் கொன்றன. 30 முதல் 50 பேர் வரை என்று கணக்கு. ஆசிரியர்களும் சபைத் தலைவர்களும் குறிவைக்கப்பட்டார்கள்.

பாளை ஜோசப் எழுதியது:

ரஹீம் பாய், கிளின்டன் அரசியல் கூட்டம், மதக் கூட்டம் இல்லை. இரண்டையும் கலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாகூர் ரஹீம் எழுதியது:

ஐயா, அன்றைய தெற்கில் அந்தக் கோட்டைப் போடுவதே கடினம். ஹென்றி மெக்நீல் டர்னரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியா முழுவதும் ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) என்ற கறுப்பினச் சபையைக் கட்டி எழுப்பியவர் அவர்தான், குடியரசுக் கட்சியை ஊர் ஊராக அமைத்தவரும் அவர்தான். சட்டமன்ற உறுப்பினராகத் தேர்வாகி, 1868இல் கறுப்பர் என்ற காரணத்துக்காகவே வெளியேற்றப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் ஜெபம் நடத்தியவரே திங்கட்கிழமை வாக்காளர் பதிவு பற்றிப் பேசுகிறார். அடிக்க வந்த கும்பலும் அவரை இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

பாளை ஜோசப் எழுதியது:

சரி, அதை ஏற்கிறேன். ஆனால் இழை போகும் போக்கில் இரண்டு விஷயங்கள் விடுபடுகின்றன.

ஒன்று, கறுப்பின மக்களை எல்லா இடத்திலும் யாரும் விரட்டவில்லை. அவர்களாகவே வெளியே போனார்கள். தெற்கு மெதடிஸ்ட் சபையில் 1860இல் சுமார் 2,07,000 கறுப்பின அங்கத்தினர் இருந்தார்கள். 1866இல் சுமார் 78,000. மிச்சமிருந்தவர்களுக்கும் 1870 டிசம்பரில் டென்னசியின் ஜாக்சன் நகரில் தனிச் சபை அமைத்துக் கொடுத்தார்கள். இரு தரப்பும் விரும்பிய பிரிவு இது.

இரண்டு, பிரசங்கிமார் எல்லோரும் வெறியர்கள் இல்லை. அன்று பெயர்பெற்றிருந்த வெள்ளைப் பிரசங்கியார் டி. எல். மூடி மாசசூசெட்ஸின் நார்த்ஃபீல்டில் வளர்ந்து, போஸ்டனிலும் சிகாகோவிலும் வாழ்ந்தவர், அடிமை ஒழிப்பாளர்களின் பக்கம் நின்றவர். 1876இல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் அவர் கூட்டம் தொடங்கியபோது எல்லோரும் கலந்துதான் உட்கார்ந்தார்கள். உள்ளூர் வெள்ளையர் ஆட்சேபித்து நடுவில் வேலி வைத்தபோது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆத்தும ஆதாயம் பெரிதென்று நினைத்து விட்டுக்கொடுத்தார். அன்றைய சூழலில் வைத்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

செல்வி எழுதியது:

ஜோசப் ஐயா, அன்றைய சூழலில் வாழ்ந்தவர்களே அவரை மன்னிக்கவில்லையே. அடிமையாகப் பிறந்து கறுப்பினத் தலைவரான ஃபிரெடெரிக் டக்ளஸ் வாஷிங்டனில் பேசும்போது, நாத்திகர் என்று தூற்றப்படும் இங்கர்சால் கறுப்பினச் சகோதரர்களுக்கு முதுகு காட்டியதில்லை, மூடி வந்த சமயத்தில் இந்நகரத்துக் கிறிஸ்தவர்கள் காட்டினார்கள் என்ற பொருளில் சொன்னார். நம்மூர்ச் சுயமரியாதை இயக்கம் தமிழில் கொண்டுவந்த அதே இங்கர்சால்தான். கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ் இங்கிலாந்துக்குப் போய்க் கும்பல் கொலைகளைப் பற்றிப் பேசியபோது, மூடியைப் பற்றிக் கேட்டவர்களிடம் தெற்கில் அவர் பிரிவினைக்கு உடன்பட்டதை மறைக்காமல் சொன்னார். மூடியை அறிந்த கறுப்பினக் கிறிஸ்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: அத்தனை ஆயிரம் பேர் உங்கள் சொல்லைக் கேட்கக் காத்திருக்கும்போது, "வேலியை எடுத்தால்தான் பேசுவேன்" என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

த. கருப்பையா எழுதியது:

"இரு தரப்பும் விரும்பிய பிரிவு" என்பதை மட்டும் என்னால் விட முடியாது ஜோசப் அண்ணே. எழுந்து போவதும் கயிறு கட்டி ஒதுக்கப்படுவதும் ஒன்றில்லை. முதுகுப் பக்கம் உட்காரவைத்த இடத்திலிருந்து எழுந்து போனவர்கள், தாங்களே பிரசங்கியார், தாங்களே பாடகர், தாங்களே பொருளாளர் என்று ஆவதற்குப் போனார்கள்.

தென் கரோலினாவின் டோர்செஸ்டர் மாவட்டத்தில் செயின்ட் ஜார்ஜ் என்ற சிற்றூர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இந்தியன் ஃபீல்ட்ஸ் முகாம் மைதானம், 1848இல் அமைந்த வெள்ளையர் மைதானம். நடுவில் சுவர் இல்லாத பெரிய பிரசங்கக் கொட்டகை, அதைச் சுற்றி வட்டமாக 99 மரக் குடில்கள். பலகை அடித்த மாடி வீடுகள்தாம், பேர் மட்டும் கூடாரம். அதே வட்டாரத்தில் ஷேடி குரோவ் என்று கறுப்பர்களின் மைதானம். 1870 வாக்கில் தொடங்கியது. மழை வருகிற நேரத்தில் நைட் என்ற நிலக்கிழாரின் நெல்லை, முன்னாள் அடிமைகள் சிலர் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதற்கு ஈடாக வழிபாட்டுக்கு அவர் நிலம் கொடுத்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் வரலாறு.

இதை அந்த நிலக்கிழாரின் தாராளம் என்று மட்டும் படிப்பவர்கள் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அதே ஆட்கள் அதே நெல்லைக் காப்பாற்றியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. இப்போது உழைப்புக்கு விலை இருக்கிறது. அவர்கள் கேட்டு வாங்கிய விலை, தங்களுக்கென்று ஒரு மைதானம்.

வேம்படியான் எழுதியது:

அருமையாகச் சொன்னீர்கள் கருப்பையா. வட கரோலினாவிலும் இதே மாதிரி ஒரு ஜோடி உண்டு. லிங்கன் மாவட்டத்தில் வெள்ளையருக்கு ராக் ஸ்பிரிங்ஸ், கறுப்பருக்கு டக்கர்ஸ் குரோவ். டக்கர்ஸ் குரோவ், கறுப்பர்களின் இன்னொரு மெதடிஸ்ட் சபையான ஏ.எம்.இ. ஜியனைச் சேர்ந்தது.

செல்வி எழுதியது:

தங்கள் மைதானம் என்று ஆன பிறகும் அங்கே நிம்மதி முழுதாகக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளையர் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். பத்திரிகைக்காரர்கள் அந்தப் பாட்டையும் ஆட்டத்தையும் கேலிக்கூத்தாக எழுதினார்கள். மைதானத்துக்கு வெளியே சாராயம் விற்று, அதனால் ஒரு அடிதடி வந்தால், மறுநாள் பழி முழுக்கக் கறுப்பர்கள் தலையில் விழும்.

இந்தக் கேலி உள்ளுக்குள்ளும் ஒரு பிளவை உண்டாக்கியது. ஏ.எம்.இ. பேராயர் டேனியல் பெய்ன் 1888இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு மரத்தடிக் கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரசங்கம் முடிந்ததும் வட்டமாக நின்று, மேல்கோட்டைக் கழற்றிவிட்டு, கைதட்டிக் காலை உதைத்துப் பாடத் தொடங்கினார்கள். அவர் அந்தப் போதகரிடம் இதை நிறுத்தச் சொன்னார். வட்டம் இல்லாமல் பாவிகள் மனந்திரும்ப மாட்டார்கள் என்று பதில் வந்தது. பெய்ன் படித்தவர், சுதந்திரமாகப் பிறந்தவர். வெள்ளையர் பார்த்துச் சிரிப்பார்களே என்ற கவலை அவருக்கு. அந்த வட்டத்தில் ஆடியவர்களுக்கோ அது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து, எஜமானுக்குத் தெரியாமல் காட்டுக்குள் ஒளிந்து செய்த வழிபாடு. எனக்குப் பெய்ன் மீது மரியாதை நிறைய உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் அந்த மரத்தடிப் போதகர் பக்கம்தான் நிற்பேன்.

மேரி அம்மாள் எழுதியது:

பிள்ளைகளே, ஒரு பெண்ணை மறந்துவிட்டீர்கள். அமாண்டா ஸ்மித். 1837இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். அப்பா இரவெல்லாம் உழைத்துச் சம்பாதித்துக் குடும்பத்தை ஒவ்வொருவராக விலை கொடுத்து மீட்டார். இந்த அம்மா துணி வெளுத்துப் பிழைத்துக்கொண்டே, 1870களில் வடமாநிலங்களில் வெள்ளையர் நடத்திய கேம்ப் மீட்டிங்குகளுக்குத் தனியாகப் போய்ப் பாடுவார், சாட்சி சொல்லுவார். யாரும் கயிறு கட்டவில்லை. ஆனால் மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் முகாமில், எங்கே போனாலும் கூட்டம் பின்னாலேயே வந்து உற்று உற்றுப் பார்த்ததை அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காட்சிப்பொருளாக நிற்க வேண்டியிருந்த வேதனை அது. ஓடிப்போகவில்லை, அந்தக் கூட்டத்தின் முன்னாலேயே ஊழியம் செய்தார்.

1876இல் சின்சினாட்டிக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் அவரைப் பார்த்தவர் ஜேம்ஸ் தோபர்ன். இந்தியாவில் மெதடிஸ்ட் ஊழியராக இருந்து பிறகு பேராயரானவர். பிறகு 1879இல் அமாண்டா இந்தியாவுக்கு வந்து, பம்பாய், கல்கத்தா என்று சுற்றி ஊழியம் செய்தார். தன் நாட்டு முகாம்களில் வேடிக்கைப் பொருளாகப் பார்க்கப்பட்டவரை நம் நாட்டில் மேடையேற்றி, உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். சிறுபிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் லிவிங்ஸ்டனைச் சொல்லிக்கொடுக்கிறோம், இவரை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு.

நாகூர் ரஹீம் எழுதியது:

நன்றி அம்மா. வடக்கு என்றதும் நியூ ஜெர்சி நினைவுக்கு வருகிறது. 1869இல் கடற்கரையில் ஓஷன் குரோவ் என்ற முகாம் நகரத்தை மெதடிஸ்டுகள் அமைத்தார்கள். பக்கத்திலேயே ஆஸ்பரி பார்க். இரண்டு இடத்திலும் ஓட்டல்களில் சமைத்து, பரிமாறி, துணி வெளுத்தது கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள் மாலையில் வேலை முடிந்து கடற்கரை நடைபாதைக்கு வந்து உட்கார்ந்ததும், 1880களில் விடுமுறைக்கு வந்த வெள்ளையர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஆஸ்பரி பார்க்கை நிறுவிய ஜேம்ஸ் பிராட்லி அவர்களை ஒதுங்கியிருக்கச் சொன்னார். அவர்களுடைய ஏ.எம்.இ. சபைப் போதகர் தலைமையில் கண்டனக் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். சமையலறையில் இருக்கும்வரை யாருக்கும் உறுத்தவில்லை, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் உறுத்தியது.

பாளை ஜோசப் எழுதியது:

நானும் சும்மா மறுக்க வேண்டும் என்று எழுதவில்லை. கயிறு இல்லாத கூட்டமும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் அசுசா தெரு. நடத்தியவர் வில்லியம் சீமோர், முன்னாள் அடிமைகளின் மகன். வெள்ளையர், கறுப்பர், மெக்சிகர் எல்லோரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய பெந்தெகொஸ்தே எழுப்புதல் நம் ஊர்வரை வந்து சேர்ந்தது. என் தாத்தா காலத்து ஊழியர்கள் அசுசாவைப் பற்றிக் கண்ணீரோடு பேசுவார்கள்.

வேம்படியான் எழுதியது:

ஐயா, அசுசா மீது எனக்கும் அதே மதிப்பு. அதனால்தான் பிறகு நடந்தது வலிக்கிறது. சீமோர் ஹூஸ்டனில் சார்ல்ஸ் பார்ஹம் என்ற வெள்ளைப் போதகரிடம் பாடம் கேட்டபோது வகுப்புக்குள் உட்கார இடமில்லை, கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டார். அதே பார்ஹம் 1906 அக்டோபரில் அசுசாவுக்கு வந்து, இனங்கள் கலந்து ஜெபிப்பதைப் பார்த்து அருவருத்துப் பழித்துவிட்டுப் போனார்.

1913இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் அரோயோ செக்கோ என்ற இடத்தில் பெந்தெகொஸ்தேயினரின் மாபெரும் கேம்ப் மீட்டிங். நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வந்தார்கள். சீமோரும் வந்திருந்தார். அவரை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. இந்த எழுப்புதலைத் தொடங்கிவைத்தவர் பார்வையாளர்களோடு உட்கார்ந்து கேட்டார். ஹார்ட்செல்லில் கட்டிய கயிற்றையாவது எழுந்துபோய் அவிழ்க்க முடிந்தது. அரோயோ செக்கோவில் அவிழ்க்க எதுவும் இல்லை, அழைக்காமல் விட்டதோடு முடிந்தது. அடுத்த ஆண்டே 'அசெம்பிளீஸ் ஆஃப் காட்' என்ற பெந்தெகொஸ்தே சபை பெரும்பாலும் வெள்ளையர் அமைப்பாகப் பிறந்தது.

பாளை ஜோசப் எழுதியது:

அதற்குப் பரிகாரமும் நடந்திருக்கிறது தம்பி. 1948இல் வெள்ளைச் சபைகள் மட்டும் சேர்ந்து அமைத்த பெந்தெகொஸ்தே கூட்டமைப்பை 1994இல் மெம்ஃபிஸ் நகரத்தில் கலைத்தார்கள். எல்லா இனத்தவருக்கும் பொதுவான புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். வெள்ளைப் போதகர் ஒருவர் தானாக முன்வந்து கறுப்பினப் பேராயர் இத்தியல் கிளெமன்ஸின் பாதங்களைக் கழுவினார். இனி பிரிந்திருக்கத் தேவை இல்லை. ஷேடி குரோவ் மாதிரி தனி மைதானங்களும் இனி எதற்கு?

த. கருப்பையா எழுதியது:

பாதம் கழுவியதை நான் குறைத்துப் பேச மாட்டேன் அண்ணே. ஆனால் ஷேடி குரோவ் எதற்கு என்ற கேள்வியை அந்த மக்களிடம் கேட்பது சரியில்லை. இந்தியன் ஃபீல்ட்ஸ் எதற்கு என்று யாரும் இதுவரை கேட்டதில்லையே? அறுவடை முடிந்து அக்டோபர் வந்தால் இரண்டு மைதானத்திலும் இன்றைக்கும் கூட்டம் நடக்கிறது. ஷேடி குரோவ்காரர்கள் தாத்தா பாட்டி தங்கிய குடிலிலேயே பேரப்பிள்ளைகளோடு தங்குகிறார்கள், வெளியூர் போனவர்களும் அந்த வாரத்துக்கு வந்து சேர்கிறார்கள். 1865இல் மிசிசிப்பிச் சட்டம் கறுப்பர்களைத் தடுக்கப் பார்த்ததெல்லாம், அதாவது இரவில் கூடுவது, தங்கள் ஆளே பிரசங்கிப்பது, எல்லாம் அங்கே 150 ஆண்டுகளாக நடக்கிறது. சேர்ந்து ஜெபிக்க விரும்பும் வெள்ளையர் அங்கே போய் உட்காரட்டும். அங்கே அவர்களைத் தடுக்கக் கயிறு எதுவும் கட்டியிருக்கவில்லை.